இரண்டு வீட்டில் ஒலிக்கும் பெயர்

வாட்ச்மேன் அய்யாவு அண்ணன் அபார்ட்மென்ட் கேட்டில் வைத்திருக்கும் போனை எத்தனை தட்டு தட்டினாலும் அசையாது. அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் தட்டுவார். முதலில் விரலால், பிறகு உள்ளங்கையால், கடைசியில் பேட்டரி தீர்ந்த ரிமோட்டைத் தட்டுகிற மாதிரி மேசை விளிம்பில். அன்று காலையும் அப்படித்தான் தட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் வீட்டு வேலைக்கு வந்த பெண்கள், பேப்பர் போடுகிறவர், குழாய் ரிப்பேர்காரர் என்று வரிசை ரோடு வரை போயிருந்தது. அந்த அபார்ட்மென்ட்டில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. அதைச் சொன்னால் அவர் போனில் அடிப்பார். நம் போட்டோ வரும், பச்சையாக ஒரு டிக் விழும், நாம் வேலை செய்கிற வீட்டில் 'இன்னார் உள்ளே வந்துவிட்டார்' என்று மணி அடிக்கும். இவ்வளவும் ஒழுங்காக நடந்தால்தான் கேட் திறக்கும். எந்த மகராசன் இந்த ஆப்பைச் செய்தானோ, அரைவேக்காட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். போன வாரம் என் நம்பரை அடித்தால் தண்ணீர் லாரி டிரைவரின் படம் வந்தது, மீசையோடு. அதற்கு முந்தைய வாரம் எல்லோர் பெயரும் காணாமல் போய் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. அடிக்கடி 'புதுப்பிக்கவும்' என்று கேட்கும். புதுப்பித்தால் பழைய கோளாறு போய்ப் புதுக் கோளாறு வரும்.

"ஏம்மா அல்போன்சா," என்றார் அய்யாவு அண்ணன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "உன் பேரு இன்னும் ரெண்டு வூட்ல காட்டுதே. டி-302, பி-704. பழைய வூட்ட எடுக்கவே மாட்டேங்குது இந்தச் சனியன். எடுன்னு அமுக்குனா சுத்துது. சுத்தி முடிச்சிட்டு 'ஏதோ தவறு நடந்துவிட்டது'ன்னுது. இன்னா தவறுன்னு சொல்லித் தொலைக்குதா?"

"ரெண்டு வூட்ல காட்டினா காட்டிட்டுப் போவுது. அதுக்கு இன்னாண்ணே?"

"இன்னாவா? நீ கேட்டுக்குள்ள வர்றப்பல்லாம் அங்கயும் மணி அடிக்குதாம். நேத்து அந்த மேடம் போன் பண்ணி என்னக் கிழிகிழின்னு கிழிச்சிட்டாங்க. நானா இந்த ஆப்ப செஞ்சேன்?"

பச்சை டிக் விழுந்தது. கேட் திறந்தது. நான் அங்கேயே நின்றேன். பின்னால் வரிசையில் நின்ற சுனிதா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். டி பிளாக் வரை எப்படி நடந்தேன் என்று தெரியாது. பி-704இல் இப்போது என் பெயர் கேட்டிருக்கும். நேற்றும் கேட்டிருக்கும். டி பிளாக்கில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் காலையில் அந்த வீட்டுச் சுவரிலிருந்து நான் வந்துவிட்டேன் என்று யாரோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாத சந்தோஷம். ஒரு வீட்டில் வேண்டாம் என்று அனுப்பப்பட்டவளுக்கு அந்த வீட்டில் இன்னும் ஓர் ஆணி மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால் வரும் சந்தோஷம்.

பி-704இல் நான் மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தேன். கிரண் சாரும் ஷில்பா மேடமும் ஷிவமொக்கா பக்கத்துக் கன்னடக்காரர்கள், இரண்டு பேருக்கும் ஆபீஸ். மகளைக் கைக்குழந்தையாக என் மடியில் போட்டார்கள். இஞ்சரா என்று பெயர். கன்னடத்தில் பறவைகள் பாடும் சத்தத்துக்கு அப்படிச் சொல்வார்களாம். எனக்கு அது இஞ்சியாகிவிட்டது. அவளுக்கு நான் 'போஞ்சா'. என் மகள் டீனா சின்னவளாக இருந்தபோது நான் ஆஸ்டின் டவுனில் வேறு யார் வீட்டுக் குழந்தைக்கோ சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். டீனா எப்போது நடந்தாள், முதலில் என்ன சொன்னாள் என்று கேட்டால் என் மாமியார்தான் பதில் சொல்வார். இஞ்சிக்கு அப்படியில்லை. அவள் முதல் அடி, முதல் பல், முதல் பொய் எல்லாம் என் கண்ணெதிரில் நடந்தவை. அவள் பேச ஆரம்பித்தபோது நான் குடியிருக்கும் பெங்களூர் ஈஜிபுராத் தமிழில்தான் பேசினாள், அதுதான் வினை. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். கிரண் சார் ஆபீஸ் நண்பர்களை அழைத்துவந்து பேசச் சொல்லிக் கேட்டார். ஒருநாள் ஷிவமொக்காவிலிருந்து கிரண் சாரின் அப்பா வந்தார். ரிட்டயர்டு வாத்தியார். பேத்தியை மடியில் உட்காரவைத்துக் கன்னடத்தில் ஏதோ கேட்டார். இஞ்சி அவர் முகத்தையே பார்த்துவிட்டு, "இன்னா வோணும் உனக்கு?" என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. மூன்று நாள் இருந்துவிட்டுப் பேத்தியிடம் ஒரு பேச்சுகூடப் பேச முடியாமல் ஊருக்குப் போனார். பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்த ஷில்பா மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த டே கேரில் இடம் பார்த்துவிட்டார்கள். கன்னடம் பேசுகிற டீச்சர்கள். எனக்கு ஒரு நல்ல பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்து, "தப்பு திள்கோபேடி" என்றார்கள். தப்பாக நினைத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. பெற்றவள் பாஷை பிள்ளைக்கு வர வேண்டாமா? இதெல்லாம் எனக்கு நன்றாகப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய, ராத்திரி புரண்டு படுத்தால் கை பக்கத்தில் தேடுகிறது.

அந்த வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு டேப்லட் மாட்டியிருப்பார்கள். கேட்டில் யார் வந்தாலும் அது வாய்விட்டுச் சொல்லும். என் பெயரை மட்டும் ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை, 'அல்ஃபோன்ஸோ' என்று மாம்பழத்தைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடும். அது சொன்னதும் இஞ்சி ஓடிப்போய் வாசலில் இருக்கும் செருப்பு ஷெல்ஃபுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். நான் கேட்டிலிருந்து நடந்து, லிஃப்ட்டுக்குக் காத்திருந்து, ஏழாவது மாடி வருவதற்குள் அவளுக்கு ஒளிய வேண்டிய நேரம் கிடைத்துவிடும். நான் கதவைத் திறந்து உள்ளே வந்து தேட வேண்டும். எங்கள் நாள் அப்படித்தான் தொடங்கும். இப்போதும் அந்தச் சத்தம் கேட்டு அவள் தலையைத் திருப்புவாளா? குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடும் என்கிறார்கள். மறந்திருந்தால் நல்லது என்று வாயால் சொல்லிப் பார்த்தேன். மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

டி-302இல் ஷ்ரேயாஸ் என்று ஒருவர், கூட இன்னும் இரண்டு பேர். மூவரும் கம்ப்யூட்டர்காரர்கள். அவர்களுக்குச் சமைப்பதுதான் என் வேலை. தோசை வார்த்துக்கொண்டே ஷ்ரேயாஸிடம் விஷயத்தைக் கேட்டேன். அவர் காபிக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல், "அது அவங்களுக்கே தெரிஞ்ச இஷ்யூதான் ஆன்ட்டி. எல்லாரும் கம்ப்ளெயின்ட் பண்ணிருக்காங்க. அடுத்த அப்டேட்ல சரி ஆகும்," என்றார்.

"தெரிஞ்சே வுட்டிருக்காங்களா?"

"முதல்ல வெளிய விட்ருவாங்க ஆன்ட்டி. அப்புறம் மெதுவா பாலிஷ் பண்ணுவாங்க."

"நான் அரிசிய பாதி வேக வச்சுப் போட்டுட்டு, மீதி அடுத்த வாரம் வேகும்னு சொன்னா சாப்டுவீங்களா?"

ஷ்ரேயாஸ் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த அப்டேட் எப்போது வரும் என்று கேட்டால், தெரியாது, நாளைக்கே வரலாம் என்றார். அந்த வியாழக்கிழமை விவேக் நகர் குழந்தை யேசு கோயிலுக்குப் போனேன். வழக்கமாக டீனாவுக்காகவும், பெயின்ட் வாசனையில் இருமிக்கொண்டே இருக்கிற என் வீட்டுக்காரர் டொமினிக்குக்காகவும் மெழுகுவத்தி வைப்பேன். அன்று மூன்றாவதாக ஒன்று வைத்தேன். குழந்தை யேசுவே, அந்த ஆப் சரியாகிவிடக் கூடாது. ஊரே அந்த ஆப்பைத் திட்டிக்கொண்டிருந்தபோது அதற்காக மண்டியிட்டு ஜெபம் செய்தவள் பெங்களூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதோடு நின்றேனா? நிற்கவில்லை. சாம்பாருக்குக் கொத்தமல்லி இல்லை என்பேன். கீழே இறங்கி, கேட்டைத் தாண்டி, மேம்பாலத் தூண் ஓரம் தள்ளுவண்டியில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு திரும்புவேன். நம்பரைச் சொல்வேன், மணி அடிக்கும். மறுபடி பச்சைமிளகாய் இல்லை என்பேன். டி-302 ஃப்ரிட்ஜில் கொத்தமல்லி மண்டிக் கிடந்தது. மூன்று ஆம்பிளைகள் இருக்கிற வீட்டில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஒவ்வொரு டிக்குக்கும் நான் அந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்த மாதிரி இருக்கும். சனிக்கிழமைகளில் இன்னும் ஒரு நடை கூடுதல், அன்றைக்கு இஞ்சி வீட்டில் இருப்பாள் அல்லவா? அய்யாவு அண்ணன் ஒருமுறை என் பையைப் பார்த்துவிட்டு, "அந்தப் பசங்க கொத்தமல்லிதான் சாப்புடறானுங்களா?" என்றார். நான் நம்பரைச் சொன்னேன்.

ஷில்பா மேடம் என்னைப் பிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து நான் வெளியே போகும்போது. கேட்டுக்கு உள்பக்கம் இருக்கிற சிமென்ட் பெஞ்சில் ஆபீஸ் பையோடு உட்கார்ந்திருந்தார். எனக்காகத்தான் என்று பார்த்ததும் தெரிந்தது. இளைத்திருந்தார். நான் கும்பிட்டேன். கன்னடத்தில் நாலு வார்த்தை கடுமையாக வரும், வாங்கிக்கொள்ளலாம் என்று மனசைத் தயார் செய்துகொண்டேன். மூன்று வருஷமும் என்னிடம் கன்னடத்தில்தான் பேசினார், நானும் அதில்தான் பதில் சொல்வேன்.

"குந்துங்க அக்கா," என்றார். தமிழில்.

நான் அப்படியே நின்றேன். தமிழ் மட்டும் இல்லை, அது என் தமிழ். குந்துங்க என்று அந்த அபார்ட்மென்ட்டில் படித்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். மகளிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறார். மகள் கன்னடத்துக்கு மாறுவாள் என்று காத்திருந்து, அது நடக்கிற வரைக்கும் அவளோடு பேச வேண்டுமே என்று தாய் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். நான் உட்கார்ந்தேன்.

"எனக்கு இன்னா பண்றதுன்னே தெர்ல அக்கா," என்றார். "காலைல அந்த டேப்லட் உங்க பேர் சொல்லுது. சொன்ன உடனே இவ ஓடிப்போயி ஒளியறா. செருப்பு ஷெல்ஃப் பின்னாடி. யாரும் தேடி வர்றதில்ல. வேன் வந்து ஹார்ன் அடிக்குது. நான் போயி தூக்கினா, நீ வோணாம் போ, நீ வோணாம் போன்னு அழறா."

மறக்கவில்லை. மறக்கவேயில்லை.

"கொஞ்ச நாள் போச்சு. அப்புறம் ஒரு காலை வெளிய நீட்டி வச்சுக்கிட்டு ஒளிய ஆரம்பிச்சா. அப்பதான ஈஸியா கண்டுபுடிப்பாங்க?" ஷில்பா மேடம் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார், திறந்தார். "இப்ப ஒளியறதே இல்ல அக்கா. ஹால் நடுவுல வந்து நிக்கறா. கண்ணை மட்டும் மூடிக்கறா. போன சனிக்கிழமை அது மூணு வாட்டி அடிச்சுது. மூணு வாட்டியும் பாதி சாப்பாட்ல எழுந்து போயி நின்னா."

என் கொத்தமல்லியும் பச்சைமிளகாயும். நான் டி பிளாக் படியேறிக்கொண்டிருந்தபோது எழுபது எண்பது அடி தள்ளி அந்தப் பிள்ளை வாயில் சோற்றோடு நின்றிருக்கிறது. என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், வேறொன்றைக் கேட்டேன்.

"மணிய மட்டும் நிறுத்திட முடியாதா மேடம்?"

"நிறுத்தினா எல்லாம் நின்னுடுது. பால், கொரியர், ஸ்கூல் வேன், ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. ஒண்ணு எல்லாம் வோணும், இல்ல எதுவும் வோணாம். அப்டி செஞ்சு வச்சிருக்காங்க." அவருக்கும் அந்த ஆப்பின்மேல் என்னைப் போலவே கோபம் இருந்தது. அதில் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி. "கம்பெனிக்கு எழுதி எழுதி, இன்னிக்குத்தான் பதில் வந்துச்சு. நான் இங்க அமுக்கினா உங்க போனுக்கு ஒரு ஓடிபி வருமாம். அத நீங்க சொன்னாத்தான் உங்க பேரு எங்க வூட்லேர்ந்து போவுமாம். சொல்றீங்களா அக்கா?"

கேட்ட விதம் உத்தரவு மாதிரி இல்லை. உத்தரவாக இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பேன், எளிதாக இருந்திருக்கும். சரி என்றேன். அவர் அமுக்கினார். நான் டீனா வைத்திருந்து எனக்குக் கொடுத்த போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அமுக்கினார். அய்யாவு அண்ணன் வந்து எட்டிப் பார்த்து, மெசேஜ் பெட்டி ரொம்பியிருக்கும், குட்மார்னிங் படத்தையெல்லாம் எடு என்றார். எடுத்தேன். போனை உயரே தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். மூன்று பேர் ஒரு போனைச் சுற்றி நின்று வானத்தைப் பார்த்தோம். இன்னொரு முறை அமுக்கியதும் ஷில்பா மேடத்தின் போன், 'நீங்கள் பலமுறை முயற்சித்துவிட்டீர்கள், நாளை மீண்டும் முயற்சிக்கவும்' என்றது. அவர் போனைப் பெஞ்சில் வைத்துவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அய்யாவு அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட் பக்கம் போய்விட்டார்.

என்ன பேசுவது என்று தெரியாமல் கேட்டேன். "நீங்க எப்டி தேடுறீங்க மேடம்?"

"தேடறதா? அங்கதான நிக்கறா. போயி தூக்கறேன்."

"அதான் தப்பு. அவள நேராப் போயி புடிக்கக் கூடாது."

அவர் கையை விலக்கிப் பார்த்தார். நான் சொன்னேன். உள்ளே வந்ததும் அவள் இருக்கும் பக்கம் திரும்பவே கூடாது. முதலில் ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டும். முட்டைக்குப் பின்னால் பார்க்க வேண்டும். வெண்டைக்காயைக் கையில் எடுத்து, ஏய், எங்க இஞ்சியைப் பார்த்தியா என்று அதட்ட வேண்டும். அது தெரியாது என்று சொல்லும். பிறகு வாஷிங் மெஷின். பிறகு கிரண் சாரின் லேப்டாப் பை. அதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும், வாயைப் பொத்திக்கொள்வாள், விரல் இடுக்கில் சத்தம் வரும். அது நம் காதில் விழவே கூடாது. இதுவரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்தினேன். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதுதான் விளையாட்டின் உயிர். அதைச் சொல்லாமல் விட்டால் மேடம் எவ்வளவு தேடினாலும் ஏதோ ஒன்று குறையும், என்ன குறைகிறது என்று அவருக்குத் தெரியாது, இஞ்சிக்குத் தெரியும். விட்டுவிடலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். ஷில்பா மேடம் வெண்டைக்காய் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி.

"கடசில நீங்க தோத்துடணும் மேடம். எங்கயும் காணோம், எம்புள்ள தொலஞ்சு போச்சு, இனிமே என்னால முடியாதுன்னு தரைல குந்திடணும். முதுகக் காட்டிக்கினு. அவளே பின்னால வந்து உங்க கண்ணப் பொத்துவா. நாம அவளக் கண்டுபுடிக்கிறதில்ல. அவதான் நம்பளக் கண்டுபுடிக்கணும்."

அவர் விரல்விட்டு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். பிறகு, "தமிழ்லயா சொல்லணும்?" என்று கேட்டார்.

"உங்க பாஷைலயே சொல்லுங்க. வெண்டக்காய்க்கு எல்லா பாஷையும் தெரியும்."

அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நாளைக்கு ஒரு நாள் அந்த மணி அடிக்கட்டும், அடித்ததும் அவர் தேடட்டும், அதற்கப்புறம் என் பெயரை எடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம்.

மறுநாள் நான் கேட்டுக்கு வந்தபோது அய்யாவு அண்ணன் போனை மேசை விளிம்பில் தட்டுகிற கட்டத்துக்கு வந்திருந்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குத் தலையில் இடி விழுந்தது. இத்தனை நாள் அடிக்கக் கூடாத வீட்டில் அடித்துத் தொலைத்த மணி, அடிக்க வேண்டிய ஒரே ஒரு நாளில் அடிக்க மாட்டேன் என்கிறது.

"நீ போம்மா, நோட்ல எழுதிக்கிறேன்," என்றார்.

"நோட்டு வோணாண்ணே. மணி அடிக்கணும்."

"வெளாடறியா? பின்னால எத்தினி பேரு நிக்கறாங்க பாரு."

"நிக்கட்டும். நீ அமுக்கு."

சுனிதா கத்தினாள், பேப்பர்காரர் சைக்கிள் மணியை அடித்தார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் வேன் வந்துவிடும். அய்யாவு அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, ஒன்றும் கேட்காமல் போனை அணைத்துத் திரும்பப் போட்டார். அது நிதானமாக முதலில் வணக்கம் சொன்னது, பிறகு மொழி கேட்டது, பிறகு பாஸ்வேர்டு கேட்டது. அவர் என் நம்பரை ஒவ்வொன்றாக அமுக்கினார். என் போட்டோ வந்தது, என்னுடையதேதான், மீசையில்லாமல். பச்சை டிக் விழுந்தது. "அடிச்சிருச்சு, போ," என்றார்.

லிஃப்ட்டில் ஏறினால் சிக்னல் போய்விடும், ஓடிபி வராது. டி பிளாக் படியில் ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் போன் அடித்தது. ஷில்பா மேடம். எடுத்து, "மேடம்," என்றேன். பதில் இல்லை. ஏதோ கதவு திறக்கிற சத்தம் கேட்டது, பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். ஃப்ரிட்ஜ். போனைப் போட்டுவிட்டுச் சமையல் மேடையில் வைத்திருக்கிறார் என்று அப்புறம்தான் புரிந்தது. நான் கேட்கட்டும் என்றுதான். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எல்லி ஹோதளு நம்ம இஞ்சரா?" எங்கே போனாள் என்று கன்னடத்தில் கேட்டார் ஷில்பா மேடம். குரல் இறுக்கமாக இருந்தது, ஆபீஸ் மீட்டிங்கில் பேசுகிற மாதிரி. "பெண்டேகாயி, நீனு நோடிதியா?" ரொம்ப அவசரப்பட்டார். மெதுவா மேடம், மெதுவா, வெண்டைக்காய் யோசிக்க நேரம் கொடுங்க என்று நான் இங்கே முணுமுணுத்தேன். வாஷிங் மெஷின் மூடி திறந்தது. "இல்லூ இல்லா!" அங்கேயும் இல்லையாம். கொஞ்சம் தளர்ந்திருந்தது குரல். லேப்டாப் பையின் ஜிப். அப்போது கேட்டது. விரல் இடுக்கில் தப்பி வரும் அந்தச் சின்னச் சத்தம். மாதக்கணக்கில் அதைக் கேட்காமல் இருந்திருக்கிறேன், எப்படி இருந்தேன்?

"சாகாய்த்தப்பா," என்றார் ஷில்பா மேடம், நான் சொல்லிக்கொடுத்த தோல்வியைத் தன் பாஷையில். "நன் மகு களது ஹோய்த்து. நன் கைல ஆகல்ல." பொத்தென்று உட்காரும் சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. வர மாட்டாள் என்று நினைத்தேன். வரக் கூடாது என்றும் நினைத்தேன், ஆண்டவர் மன்னிக்கட்டும். பிறகு தரையில் வெறுங்கால் நடக்கும் சத்தம், மெத்து மெத்தென்று, என் பக்கம் வராமல் வேறெங்கோ போகும் சத்தம். ஷில்பா மேடம் வீறிட்டுச் சிரித்தார், அழுகையும் கூட வந்தது. அதற்கு மேல் இஞ்சியின் சிரிப்பு. ஒருத்தர் தோற்றுப்போனால் அவள் சிரிக்கிற சிரிப்பு. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷத்தோடேயே நெஞ்சும் எரிந்தது. அந்தக் கை என் கண்ணில் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

காதில் வைத்திருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். ஓடிபி வந்திருந்தது. நேற்று மூன்று பேர் வானத்தைப் பார்த்தும் வராதது இன்று கேட்காமலே வந்து நின்றது. இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம் என்று கீழே எழுதியிருந்தது.

"அக்கா," என்றார் ஷில்பா மேடம், மூச்சு வாங்கிக்கொண்டு. "இருக்கீங்களா? நான் இப்பதான் அமுக்கினேன். நம்பர் வந்துச்சா? ஸ்பீக்கர்ல இருக்கீங்க, சொல்லுங்க, டைப் பண்றேன். வேன் வந்துடுச்சு." பிள்ளை இடுப்பில் இருந்தது என்று அந்த மூச்சிலேயே தெரிந்தது.

ஓடிபி என்றால் எல்லோரும் இங்கிலீஷில்தான் சொல்வார்கள். எனக்கு என்னவோ, அந்த வீட்டுக்குள் என் குரல் கடைசியாகப் போகிறது என்றால் அந்த வீட்டுக்கு வேண்டிய பாஷையிலேயே போகட்டும் என்று தோன்றியது. பேங்கிலிருந்து பேசுகிறவர்கள் மாதிரி குரலைத் தட்டையாக்கிக்கொண்டேன்.

"ஐது," என்றேன்.

"அஞ்சு," என்றது ஒரு குரல். ஷில்பா மேடத்தின் குரல் இல்லை.

அடுத்த எண்ணைப் பார்த்தேன்.

"எரடு."

"ரெண்டு."

"எண்டு."

"எட்டு!" இன்னும் பக்கத்தில் கேட்டது. போன் மேல் வாயை வைத்துக்கொண்டிருக்கிறாள். ஷில்பா மேடம் டைப் அடிக்கிற சத்தம் மட்டும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் வந்தது.

"ஒந்து," என்றேன். குரல் தட்டையாக நிற்கவில்லை.

"ஒண்ணு."

"நால்கு."

"நாலு."

இன்னும் ஓர் எண்தான் இருந்தது. திரையில் அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கீழே வேன் ஹார்ன் அடித்தது. போனிலும் கேட்டது, படிக்கட்டின் ஜன்னல் வழியாகவும் கேட்டது. அவள் மூச்சு மட்டும் போனில் உரசிக்கொண்டிருந்தது.

"அப்பறம்?" என்றாள் இஞ்சி.